வழக்குக் கட்டுகளிலே நமது குடிவழி

வரலாறு என்றதும் அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடப் பழக்கம். கண்டி மன்னரின் வரிசையைப் பிழையின்றிச் சொல்லும் நம் இளைஞர் பலர், தம் பாட்டனுக்குப் பாட்டன் யார், அவன் மனைவி எந்த வளவிலே பிறந்தவள் என்று கேட்டால் விழிக்கின்றனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. நம் பக்கத்தில் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து மகன் பெயருக்கு முன்னே வந்து நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும். மூன்று தலைமுறைக்கு அப்பால் ஒரு பெயரைப் பிடித்து ஏறிச்செல்ல நமக்குக் கயிறு இல்லை.

அத்தகைய கயிறு ஒன்று நீதிமன்றத்துப் பழங்கட்டுகளிலே கிடக்கின்றது. ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற ஆதனத்தை நிருவகிப்பவர் யார், யார் யாருக்கு எவ்வளவு சேரும் என்று மாவட்ட நீதிமன்றில் நடக்கும் வழக்கை நம் பெரியோர் மரணசாதன வழக்கு என்பர். கோட்டுப் பக்கம் போய்ப் பழகியவர்கள் ‘ரெஸ்ரமென்ரரி கேஸ்’ என்று சொல்லிவிடுவார்கள். பெயர் அப்படி இருப்பினும், சாதனம் எழுதாமல் இறந்தவரின் ஆதனமும் இதே வழியாகத்தான் சென்றது. சொத்துக்காக நடந்த இவ்வழக்குகளை உறவு காண்பதற்காகவும் படிக்கலாம் என்பதே நாம் சொல்லவந்தது. ஆயினும், நம் கரையோரத்துக்கு உரிய வழக்கம் ஒன்றை மறந்து படித்தால், இதே கட்டுகள் நம்மை வழிதவறச் செய்யும். அதனைச் சற்றுப் பின்னர்ச் சொல்வோம்.

இலங்கை முழுவதற்கும் மாவட்ட நீதிமன்றங்களை ஏற்படுத்தியது 1833 ஆம் ஆண்டின் நீதிச் சாசனம். அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காணியைக் கைமாற்றும் எழுத்து நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்றும், மரணசாதனமாயின் நொத்தாரிசும் இரு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகளும் வேண்டும் என்றும் அது விதித்தது. நாம் இன்று ‘உறுதி’ என்று பெட்டியில் வைத்துப் பூட்டும் காகிதத்தின் பிறப்பு அங்கேதான். உறுதிகளைப் பதியும் முறை 1860-களில் வந்தது. இறந்தவர் ஆதனத்தைப் பற்றிய நடைமுறை, 1889 இல் வெளியான குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் விரிவாக அமைந்தது. சட்டத்தின் கதையை இவ்வளவோடு நிறுத்துவோம். நமக்கு வேண்டியது கட்டினுள்ளே இருப்பது.

மரணசாதன வழக்கின் கட்டை அவிழ்த்தால் முதலில் இருப்பது விண்ணப்பம். இறந்தவர் பெயர், ஊர், இறந்த நாள், விண்ணப்பிப்பவர் அவருக்கு என்ன முறை என்பன அதிலே வரும். பெரும்பாலும் விண்ணப்பித்தவர் மனைவியாகவோ மூத்த மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். மற்ற உரித்தாளிகள் எல்லாரும் எதிர்மனுதாரர்கள். எதிர்மனுதாரர் என்றதும் பகைவர் என்று எண்ணிவிடக் கூடாது; நீதிமன்றம் அவர்களையும் கேட்கவேண்டும் என்பதற்காகவே அப்படிச் சேர்ப்பது. இந்தப் பட்டியலே நமக்குப் பெருஞ் செல்வம். இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த மகளை யார் மணந்தார், தந்தைக்கு முன்னரே இறந்துபோன பிள்ளையின் பிள்ளைகள் யார் என்பதெல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். பராயமடையாத பிள்ளை இருந்தால், வழக்கில் அப்பிள்ளைக்காகப் பேச ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். அவர் மாமனா, பெரிய தகப்பனா என்பதிலிருந்து இன்னொரு கிளை விரியும்.

அடுத்தது சொத்து அட்டவணை. வயல் எத்தனை அவணம், எந்த வட்டையில். தென்னந்தோட்டம் எத்தனை ஏக்கர். குறி சுட்ட மாடும் எருமையும் எத்தனை. தோணி, வண்டில், நகை, கொடுத்த கடன், வாங்கிய கடன் என்று ஒரு போடியாரின் வாழ்வு முழுவதும் நிரையாக எழுதப்பட்டிருக்கும். அந்த மதிப்புகளை மட்டும் அப்படியே நம்பிவிடலாகாது. மரண வரி நடைமுறையில் இருந்த காலத்து அட்டவணை என்றால் இன்னும் கவனம் வேண்டும். வரி என்றதும் மதிப்பைக் குறைத்துக் காட்டும் ஆசை எந்த ஊரிலும் உண்டு. நம் போடியார்மார் மட்டும் அரிச்சந்திரர் என்று நாம் சத்தியம் பண்ணமாட்டோம்.

கட்டே தொலைந்துபோனாலும் ஒரு தடயம் மிஞ்சும். விண்ணப்பத்தைக் கண்டு நீதிமன்றம் முதலில் ஒரு தற்காலிகக் கட்டளை இடும். மறுப்பு உள்ளவர் இன்ன நாளில் வந்து சொல்லலாம் என்பது அதன் கருத்து. அந்நாளில் இக்கட்டளைகள் அரசாங்க வர்த்தமானியிலே வெளிவந்தன. இறந்தவர் பெயர், ஊர், விண்ணப்பதாரர் பெயர், எதிர்மனுதாரர் பெயர்கள், வழக்கு இலக்கம் ஆகியன அவ்வறிவித்தலில் இருக்கும். வர்த்தமானி 1802 மார்ச்சு தொடக்கம் வெளிவருவது. பழைய தொகுதிகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. அங்கே போய்ப் புரட்டப் பொறுமை வேண்டும். ஆனால், வழக்கு இலக்கம் ஒன்று கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உறவு தேடுவதற்கு நீதிமன்றம் போவது நம் புதுக் கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தில் 1858 வரையில் மரணசாதனங்களைத் திருச்சபை நீதிமன்றங்கள் கவனித்தன. அதன்பின் அரசு ஏற்றுக்கொண்டது. குடும்ப வரலாறு எழுதும் ஆங்கிலேயர் முதலிற் போய்த் தட்டும் கதவுகளில் அதுவும் ஒன்று. அமெரிக்காவில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு நீதிமன்றம் உண்டு. அங்கே இறந்தவர் ஆதனக் கட்டுகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கின்றன. அக்கட்டுகளைப் பற்றி நாம் படித்தவற்றுள் மனத்தை விட்டு நீங்காதது ஒன்று. 1865 இல் அடிமைமுறை ஒழியும்வரை, தென் மாநிலத்துத் தோட்டக்காரன் ஒருவன் இறந்தால், அவன் மாடு, கலப்பை, கட்டிலோடு அவனுடைய அடிமைகளும் அட்டவணையில் எழுதப்பட்டனர்; பெயர், சிலபோது வயது, எதிரே விலை. இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் பெயரை முதன்முதலாகக் காண்பது அந்த விலைப்பட்டியலிலேதான். அடிமைமுறை 1844 வரை சட்டப்படி இருந்த நாடுதான் இலங்கையும். ஆதலின் பழைய அட்டவணைகளைப் புரட்டுவோர் இங்கேயும் தலைகுனிய நேரிடலாம்.

இனி, முன்னர்ச் சொல்லாமல் விட்ட இடத்துக்கு வருவோம்.

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒருவன் இறந்த பிறகுதான் அவன் வீடு பெரும்பாலும் அடுத்தவர் கைக்குப் போகிறது. நம் ஊரில் அப்படியன்று. வீடு கைமாறுவது சாவின்போதன்று, கலியாணத்தின்போது. மூத்தவளுக்கு மாப்பிள்ளை வந்தால், இருக்கின்ற வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு குடிலுக்கு மாறுவர். பிறகு இளையவளுக்கு இன்னொரு வீடு எழும்பும். மாப்பிள்ளை வந்து பெண்வீட்டில் இருப்பான். இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அக்கரைப்பற்று முஸ்லிம் மக்களிடையேயும் இதே வழக்கந்தான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 தொடக்கம் நம் ஊரிலே தங்கி ஆராய்ந்து, 2008 இல் வெளியிட்ட பெருநூலிலே இதனை விரிவாக எழுதியிருக்கிறார். நம் வீட்டு வழக்கத்தை அறிய நாம் கொலராடோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரின் நூலைப் புரட்டவேண்டியிருப்பது ஒருபுறம் வெட்கந்தான். ஆனால், அவரும் அதனை நம் பாட்டிமாரிடம் கேட்டுத்தான் எழுதினார்.

இதனால் விளைவது என்ன? நம் ஊர்ப் போடியார் ஒருவர் இறந்தபோது எழுந்த கட்டிலே வயலும் தோட்டமும் மாடும் வரும். அவர் கண்மூடிய வீடு பெரும்பாலும் வராது. அது அவருடையதே அன்று. அது மனைவிக்கு அவள் தாய் கொடுத்தது. பல சமயம் மகளுக்கும் எழுதியாகிவிட்டது. ஆகவே, ஆணின் கட்டை மட்டும் படிப்பவன் வயலின் வரலாற்றைக் காண்பான். வீட்டின் வரலாற்றைக் காணான். நம் கரையோரத்திலோ குடும்பம் என்பது வீட்டைச் சுற்றி வளர்ந்தது. குடியும் வயிற்றுவாரும் தாய்வழியாக வருவன. உலகிப்போடி குடி, காலிங்க குடி, படையாண்ட குடி, பணிக்கனார் குடி என்று நாம் சொல்லும்போது, தாயின் குடியையே சொல்கிறோம். கோயிலிலே வண்ணக்கர் பதவியும் பள்ளிவாசலிலே மரைக்காயர் பதவியும் குடி பார்த்தே வழங்கி வந்தன. இத்தனை முக்கியமான குடிப்பெயரை வழக்குக் கட்டிலே தேடினால் காண்பது அரிது. சட்டத்துக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஆகவே எழுதுவினைஞர் அதனை எழுதவில்லை.

ஒரு காலத்தில் வேண்டியிருந்தது. மட்டக்களப்பு முக்குவர் சட்டம் என்ற வழக்காறு நீதிமன்றங்களில் ஏற்கப்பட்டிருந்த காலம் அது. அதன்படி, முதுசமாக வந்த ஆதனம் இறந்தவனின் பிள்ளைகளுக்குப் போகாமல் அவனுடைய உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்குப் போகும். கிறித்தோபர் பிரிட்டோ என்ற அறிஞர் 1876 இல் இதனை ஆங்கிலத்தில் நூலாக்கினார். யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. விந்தை என்னவெனில், அந்நூல் வந்த ஆண்டிலேயே அச்சட்டத்துக்கு முடிவு எழுதப்பட்டது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க விவாக உரிமை, உரித்துக் கட்டளைச் சட்டம் 1877 யூன் 29 இல் நடைமுறைக்கு வந்தது. கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோரை அது விலக்கிவைத்தது. மட்டக்களப்புத் தமிழரை விலக்கவில்லை. அன்றுமுதல் ஆதனத்திற் பாதி கணவனுக்கு அல்லது மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற பொதுச் சட்டமே நம்மவர்க்கும் ஆயிற்று.

கட்டுகளைத் தேடுவோர்க்கு இது வெறும் சட்டச் செய்தியன்று. 1877 க்கு முற்பட்ட கட்டு ஒன்றிலே மருமகன் உரித்தாளியாக நிற்பதைக் கண்டு, ‘ஓகோ, இவருக்குப் பிள்ளையில்லை போலும்’ என்று முடிவு கட்டினால் ஒரு கிளை முழுவதையும் வெட்டி எறிந்தவர்களாவோம். பிள்ளைகள் இருந்திருப்பார்கள், முதுசம் அவர்களுக்குரியதன்று, அவ்வளவே. அன்றியும் மருமகன் என்ற சொல்லே நமக்கு இரு பொருளது. உடன்பிறந்தாள் மகனும் அவன்; மகளை மணந்தவனும் அவன். மச்சான் மச்சாள் கலியாணம் நடந்த வீட்டில் இரண்டும் ஒருவனே. கோட்டிலே மொழிபெயர்த்த முதலியார் இவற்றுள் எந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டார் என்பதைப் பொறுத்து உறவுமுறையே தலைகீழாகலாம். ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் அதற்கு முன்னே வாயிற் பிறந்த தமிழ்ச் சொல் எதுவாயிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

முஸ்லிம் குடும்பத்தாரின் கட்டுகள் வேறு விதத்திற் பயன் தருவன. 1806 ஆம் ஆண்டின் முகமதியர் சட்டத்தொகுப்பு 1852 இல் இலங்கை முழுவதற்கும் விரிக்கப்பட்டது. பின்னர் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு அரைக்கால் பங்கு, பிள்ளை இல்லாவிடின் காற் பங்கு, மகனுக்குக் கிடைப்பதிற் பாதி மகளுக்கு என்று இஸ்லாமியச் சட்டத்தில் அளவு உண்டு. இவ்வளவு நுணுக்கமாகப் பங்கு பிரிக்கவேண்டின் ஒருவரையும் விட்டுவிட இயலாது. இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவளும் வருவாள். ஆதலின் நம் அயலவரின் கட்டுகளில் உறவினர் பட்டியல் நீண்டிருக்கும். ஆனால், வீடு சீதனமாக முன்னரே மகளுக்குப் போய்விட்டது என்ற நிலை அங்கேயும் இதுவே. சட்டம் இரண்டாயினும் வளவு ஒன்றுதான்.

அப்படியாயின் வீட்டின் வரலாற்றை, அதாவது பெண்ணின் வரலாற்றை, எங்கே காண்பது? சீதன உறுதியிலும் நன்கொடை உறுதியிலும் காணலாம். எம் வீட்டு றங்குப்பெட்டியிலே தாயின் தாய்க்கு எழுதிய உறுதியும், அவள் தாய்க்கு எழுதிய உறுதியும் மடிப்பிலே கிழிந்தபடி இருந்தன. இரண்டையும் பாயிலே விரித்து வைத்துப் படித்தபோது, உறுதியின் உயிர் ‘எல்லை’யில் இருப்பதைக் கண்டோம். வடக்கு இன்னாள் வளவு, கிழக்கு ஒழுங்கை, தெற்கு இன்னாள் வளவு, மேற்கு இன்னாருக்குரிய தென்னந்தோட்டம் என்று நான்கு திக்கும் எழுதியிருக்கும். வாங்குவோரும் விற்போரும் இதை விரைவாகக் கடந்துபோவர். உறவு தேடுபவனோ இங்கேதான் நிற்கவேண்டும். தாய் ஒருத்தி தன் வளவை இரண்டாகப் பிரித்து வடபாதியை மூத்தவளுக்கும் தென்பாதியை இளையவளுக்கும் கொடுக்கிறாள். மூத்தவளின் உறுதியில் தெற்கெல்லை தங்கையின் பெயர். தங்கையின் உறுதியில் வடக்கெல்லை தமக்கையின் பெயர். அடுத்த தலைமுறையில் மூத்தவளின் மகள் உறுதி பெறும்போது தெற்கெல்லையிலே சின்னம்மா நிற்கிறாள், அல்லது சின்னம்மாவின் மகள் நிற்கிறாள். இப்படி எல்லையோடு எல்லையைக் கோத்துக்கொண்டு போனால், ஒரு ஒழுங்கை முழுவதும் ஒரு வயிற்றுவாராக விரிவதைக் காணலாம். வழக்குக் கட்டு எழுதாமல் விட்ட குடிவழியை எல்லைகள் அறியாமலே எழுதி வைத்திருக்கின்றன.

அவ்வுறுதிகளில் நாம் கண்ட இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஒன்றிலே சாட்சியிட்ட இருவரில் ஒருவர் முஸ்லிம். மற்றதிலே மேற்கெல்லைத் தோட்டம் ஒரு லெவ்வைக்குரியது. அந்தத் தோட்டத்தை அவருக்கு விற்றவர் நம்மவர் என்பதும், அதற்கு முன்னர் நம்மவர் அதனை வாங்கியது இன்னொரு முஸ்லிம் குடும்பத்திடமிருந்து என்பதும், பின்னர்க் காணிக் கந்தோரிற் பார்த்தபோது தெரியவந்தது. இன்று நம் கரையோரத்தில் ‘இந்தக் காணி ஆதியில் யாருடையது’ என்று கேட்பவர் பலர். அவ்வினா சில வேளை அடிதடிக்கும் அதற்கு மேலும் போனதை இரு சமூகத்துப் பெரியோரும் அறிவர். வம்சம் தேடப் புறப்பட்டவர், பாதி படித்த உறுதி ஒன்றைக் கையிலே தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவாராயின், அவர் படிக்காமலே இருந்திருக்கலாம். முழுவதும் படித்தவன் காண்பது கொடுக்கல் வாங்கல்தான். அதற்கு இரு பக்கத்தாரும் சாட்சி.

வயலின் வரலாற்றுக்குப் பங்குபிரிப்பு வழக்குகள் நல்ல துணை. 1863, 1951, 1977 என மூன்று முறை சட்டம் மாறியது. வழக்காளி தன் மனுவோடு ஆதனம் கைமாறி வந்த வழியைக் காட்டும் வம்சாவளி ஒன்றையும் சேர்க்கவேண்டும் என்று 1977 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஐந்து தலைமுறை மரம் வரைந்தபடியே கிடைப்பதைக் கண்டு துள்ளிக் குதிக்க வேண்டாம். அதனை வரைந்தவன் பங்கு கேட்டவன். தனக்கு வேண்டாத கிளையை அவன் மறந்துவிட்டிருக்கலாம். எதிர்வழக்காளிகளின் விடையையும் புரட்டி, அவர்கள் வரைந்த மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே உண்மை ஒருவாறு தெரியும்.

தேடும் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல். அதுவரை நாம் மட்டக்களப்பு மாவட்டத்தார். ஆகவே பழைய வழக்குகளை மட்டக்களப்பிலும், பிற்பட்டவற்றைக் கல்முனையிலும், அண்மையானவற்றை நம் ஊர் நீதிமன்றிலும் விசாரிக்கவேண்டும். உறுதியின் மூலம் உரியவரிடம் இருக்கும். நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிக் கந்தோருக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. ஆதலின் பெட்டியிலிருந்த உறுதி போனாலும் கந்தோரிலே பிரதி இருக்க வாய்ப்புண்டு. ஊர்ப்பெயரிலும் விழிப்பு வேண்டும். அக்கரைப்பற்று என்பது முன்னர் ஒரு பற்றின் பெயர்; நம் ஊர் கருங்கொடித்தீவு. பழைய எழுத்துகளில் அப்பெயரையே தேடுக. பனங்காடு, கோளாவில் என்பன தனியே எழுதப்பட்டிருக்கலாம்.

ஆட்பெயரோ இன்னும் தொல்லை. பழைய வழக்கேடுகள் ஆங்கிலத்தில். தமிழ் நம் நீதிமன்றங்களில் நிலைபெற்றது 1970-களிலேதான். போடி என்ற பட்டத்தை ஒரே கட்டிலே மூன்று விதமாக எழுதியிருப்பர். லெவ்வை ‘லெப்பே’ ஆகும். சின்னத்தம்பி எத்தனை வடிவெடுப்பார் என்று சொல்லமுடியாது. கண்ணால் எழுத்துக் கூட்டுவதைவிட வாயாற் சொல்லிக் காதாற் கேட்பது நல்லது. எம் மிசன் பாடசாலை ஆசிரியர் ஒருவர் பழைய ஆங்கிலக் கையெழுத்தை எழுதிப் பழக்கினார். அப்போது அதனை வீண் வேலை என்று முணுமுணுத்தோம். இக்கட்டுகளைப் படிக்கையில் அதுவே கைகொடுத்தது. நொத்தாரிசு எழுதிய உறுதிகள் தமிழிலே இருப்பினும், புள்ளியிடாத மெய்யும், காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு காட்டாத கையெழுத்தும் நம்மைச் சோதிக்கும். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரத்துப் படித்தால், நாம் தடுக்கும் இடத்தில் அவர் பெயரை எடுத்துக் கொடுப்பார்.

அம்முதியவரை இணங்கவைப்பதே முதல் வேலை. உறுதியைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டுப் போனபோது, பாட்டி முறையான ஒருவர் கேட்டார்: “உறுதி என்னத்துக்கு மனே? வழக்குப் போடப் போறியா?” அவர் கேட்டதிலே குற்றமில்லை. நம் ஊரில் உறுதியைத் தேடுபவன் வழக்குக்காரன் என்பது பழைய அனுபவம். அன்றியும் கட்டைக் கிளறினால் இரண்டாந்தாரமும், மறைத்துவைத்த பிள்ளையும், உடன்பிறந்தார் ஒருவரையொருவர் ஏமாற்றிய கதையும் எழும்பி வரும். உயிரோடு இருப்பவரைத் தொடுகின்ற செய்தியைக் கண்டால், குறித்துவைத்துக் கொண்டு வாய்மூடியிருப்பதே முறை. குடும்ப வரலாறு எழுதுவது வேறு, ஒழுங்கையிலே கதை பரப்புவது வேறு.

ஆயினும் காலம் தாழ்த்த இடமில்லை. 1978 நவம்பர் 23 ஆம் நாள் அடித்த சூறாவளியில் மட்டக்களப்புப் பகுதியில் எத்தனை கூரை பறந்தது என்பதை மூத்தோர் நினைவிற் கொண்டிருப்பர். கூரை பறந்தபின் மழையிலே நனைந்தது பெட்டியும் அதிலுள்ள காகிதமுந்தான். போர்க்காலத்தில் ஊரைவிட்டு ஓடியவர் கையிலே குழந்தை இருந்தது, உறுதி இருக்கவில்லை. 2004 திசெம்பர் 26 இல் கடல் வந்தபோது மருதமுனை தொடக்கம் திருக்கோவில் வரையில் வீடுகளோடு எழுத்துகளும் போயின. வளவு தன்னுடையது என்று சொல்ல எல்லைக்கல்லும் இல்லாமல், உறுதியும் இல்லாமல், பக்கத்து வீட்டுச் சாட்சியும் இறந்துபோய் நின்றவர்களை நாம் அறிவோம். கந்தோர்ப் பிரதி அவர்களுட் சிலருக்கு வழிகாட்டியது. சிலருக்கு எந்த நொத்தாரிசு எழுதினார், எந்த ஆண்டு என்பதே தெரியாது. தெரிந்திருந்த தாய் கடலோடு போய்விட்டாள்.

காகிதத்தில் ஆண்டு இருக்கும், இலக்கம் இருக்கும், எல்லை இருக்கும், குடி இராது. பெரியோரின் வாயிலே குடி இருக்கும், யார் வயிற்றிலே யார் பிறந்தார் என்பது இருக்கும்; ஆண்டு இராது. வி. சீ. கந்தையா 1964 இல் மட்டக்களப்புத் தமிழகம் எழுதியதும், எப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்ததும் ஊரின் பொது வரலாற்றுக்குப் பேருதவி. ஒவ்வொரு வளவின் வரலாற்றையும் அவர்கள் எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இதனை எண்ணியே நம் மன்ற நூல்நிலையத்தில் நீளமான குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பக்கமும் ஒரு பெண்ணுக்கு. அவள் பெயர், அவள் தாய், தாயின் தாய், குடி, பிறந்த வளவு, மணந்தபின் இருந்த வளவு, உறுதி இலக்கமும் ஆண்டும், எழுதிய நொத்தாரிசு, நான்கு எல்லைகள், இவற்றைச் சொன்னவர் யார், எந்த நாளில் என்பன நிரல்கள். தெரியாத நிரலை வெறுமையாகவே விடுக; ஊகத்தை எழுதவேண்டாம். ஆதனத்தின் மதிப்புக்கும், இன்று அதிலே இருப்பவர் யார் என்பதற்கும் நிரல் இல்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். உறுதியைக் கொண்டுவர விரும்பாதவர் இலக்கத்தை மட்டும் ஒரு துண்டிலே எழுதிக் கொண்டுவரலாம். வரமுடியாத பெரியோர் சொல்லியனுப்பினால், மாலையிலே இருவராக நாமே வீட்டுக்கு வருவோம்.